ரப்பர் மரங்களின் மரபணுப் பல்வகைமை: டி.என்.ஏ. குறிப்பான் ஆய்வுக்கு ஒரு செய்முறை

ஒரு ரப்பர் தோட்டத்தில் 400 மரம் நிற்பதால் அங்கே 400 மரபணுவகை இருக்கிறது என்று ஆகிவிடாது. எல்லாம் ஒரே குளோனின் (ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுப் போட்டுப் பெருக்கிய மரபணுவகையின்) ஒட்டுக்கன்றுகள் என்றால், ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேலே இருப்பது ஒரே ஒரு மரபணுவகை. கீழே, விதையிலிருந்து முளைத்த வேர்ச்செடிகளில், 400 வெவ்வேறு வகைகள். நெல்லுக்கோ மக்காச்சோளத்துக்கோ எழுதிய செய்முறையை அப்படியே ரப்பருக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். பி.சி.ஆர். கருவி, மையவிலக்கி, ஜெல் தொட்டி ஆகியவற்றை ஏற்கெனவே கையாண்டு, ரப்பரில் மட்டும் புதிதாக இறங்குபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

கேள்வி முதலில், குறிப்பான் பிறகு

ஆசியத் தோட்டங்களில் இன்று நிற்கும் குளோன்களில் பெரும்பாலானவற்றின் மூதாதையர், 1876-இல் ஹென்றி விக்கம் அமேசானின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் முளைத்த சிறு பகுதிதான். அந்த நாற்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போய், அங்கிருந்து பரவின. அடித்தளம் அவ்வளவு குறுகியது. அதை விரிவாக்கத்தான் 1981-இல் பன்னாட்டு ரப்பர் ஆராய்ச்சி வாரியம் பிரேசிலின் ஆக்ரே, ரொந்தோனியா, மாத்தோ குரோசோ மாநிலங்களில் 60,000-க்கும் மேற்பட்ட காட்டு விதைகளைத் திரட்டியது. ஆகவே கையில் இருப்பது விக்கம் வழிக் குளோன்களா, 1981 சேகரிப்பா என்பதைப் பொறுத்து எதிர்பார்க்க வேண்டிய வேறுபாட்டின் அளவே மாறிவிடும்.

பெயர்ப்பலகையில் உள்ள குளோன்தானா இது என்று சரிபார்க்க 10 நல்ல எஸ்.எஸ்.ஆர். குறிப்பான்கள் (சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும், மரத்துக்கு மரம் நீளம் மாறும் டி.என்.ஏ. பகுதிகள்) போதும். ஒரு சேகரிப்பின் உறவுமுறையையும் பல்வகைமையையும் அளக்க 15 முதல் 20 வரை வேண்டும். காட்டுக் கூட்டங்களின் அமைப்பைப் பார்க்க அதே எண்ணிக்கையுடன் கூட்டத்துக்கு 20 முதல் 30 மரமாவது இருக்க வேண்டும். பால் விளைச்சலோடு மரபணுவைப் பொருத்திப் பார்ப்பது வேறு வேலை. அதற்கு ஆயிரக்கணக்கில் ஸ்னிப் குறிப்பான்கள் (ஓரெழுத்து மட்டும் மாறும் இடங்கள்) தேவை, 20 எஸ்.எஸ்.ஆரை வைத்து அதில் இறங்க வேண்டாம்.

ராப்டு, ஐ.எஸ்.எஸ்.ஆர். என்ற வேறு இரு குறிப்பான் முறைகள் மலிவானவை. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டோம். பட்டை இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே அவற்றில் தெரியும். ஓரிடத்தில் இரு வெவ்வேறு வடிவங்கள் (அல்லீல்கள்) உள்ள ஹெட்டிரோசைகஸா, இரண்டும் ஒன்றேயான ஹோமோசைகஸா என்று பிரித்தறிய முடியாது. ரப்பர் அயல் மகரந்தச் சேர்க்கை செய்யும் மரம். ஹெட்டிரோசைகஸ் நிலைதான் அதன் கதையில் பாதி. போதாததற்கு, டி.என்.ஏ. அளவு சற்று மாறினாலே ராப்டு பட்டைகளும் மாறிவிடும்.

பிரைமர்களைப் புதிதாக வடிவமைக்கத் தேவையில்லை. ஏற்கெனவே வெளியானவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தேர்வில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ரப்பருக்கு 18 இணைக் குரோமோசோம்கள். குறிப்பான்கள் அவற்றில் பரவலாக அமைய வேண்டும். ஜி.டி. 1 குளோனின் குரோமோசோம் மட்ட மரபணுத்தொகுதி 2020-இல் வெளியானது. பிரைமர் வரிசைகளை அதில் தேடி, ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்து விழுபவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பொருந்துபவற்றை விட்டுவிடுங்கள். இந்த மரபணுத்தொகுதியில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் வரிசைகள்தான் என்பதால், அப்படிப்பட்டவை நிறையவே அகப்படும். இரண்டு, மூவெழுத்து மீள்வரிசைகளை வாசிப்பது எளிது. ஈரெழுத்து மீள்வரிசைகளில் அல்லீல்கள் அதிகம், வாசிப்புத் தொல்லையும் அதிகம். இரண்டையும் கலந்து வைப்பதே நல்லது.

மரமும் இலையும்

இந்தப் பகுதியில் நேர்கிற பிழையை ஆய்வகத்தில் திருத்த முடியாது.

முதலில் ஒப்பீட்டுக் குளோன்களைச் சேருங்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600, அதன் தாய் டிஜிர் 1, தந்தை பி.பி. 86 ஆகிய மூன்றும் கிடைத்தால் வேறு எந்தத் தரச் சோதனையும் இதற்கு ஈடாகாது. ஒவ்வொரு குறிப்பானிலும் பிள்ளைக்கு ஓர் அல்லீல் தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்தாக வேண்டும். ஒரு குறிப்பானில் டிஜிர் 1 மரம் 180/192 (இரு அல்லீல்களின் நீளம், டி.என்.ஏ. எழுத்துகளில்) என்றும் பி.பி. 86 மரம் 186/186 என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 அப்போது 180/186 அல்லது 186/192 ஆகத்தான் இருக்க முடியும். அது 180/180 என்று வந்தால் மூன்றில் ஒரு மரம் பெயர் மாறியிருக்கிறது, அல்லது பி.பி. 86 மரத்தில் பி.சி.ஆரில் பெருகாத அல்லீல் ஒன்று ஒளிந்திருக்கிறது. மற்ற குறிப்பான்கள் எல்லாம் ஒத்துப்போய் இது மட்டும் முரண்டுபிடித்தால் பெரும்பாலும் இரண்டாவது காரணம்தான். அந்த மூன்றும் கிடைக்காத இடத்தில் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 மரத்தை அதன் பெற்றோரான டிஜிர் 1, ஜி.எல். 1 மரங்களுடன் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு குளோனிலும் வெவ்வேறு வரிசைகளிலிருந்து இரண்டு மூன்று மரங்களை எடுங்கள். நாற்றங்காலிலேயே பெயர் கலந்துபோவது ரப்பரில் சாதாரணம். ஒட்டு பட்டுப்போய் வேர்ச்செடியே தழைத்து மரமாகி நிற்பதும் உண்டு. அதை அடிமரத்தில் கண்டுபிடிக்கலாம்: ஒட்டு மரம் மேல்வரை ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்கும், ஒட்டிய இடத்தில் யானைக்கால் போன்ற வீக்கம் தெரியும், விதை மரம் அடியில் பருத்து மேலே குறுகும். வீக்கத்துக்குக் கீழே கிளைத்த துளிரைக் கை எட்டுகிறது என்பதற்காகப் பறித்துவிடக் கூடாது. கீழே கிடக்கும் இலையையும் எடுக்கக் கூடாது. பக்கத்து மரத்தின் கிளைகள் பின்னிக் கிடக்கும் தோட்டத்தில் அது யாருடையது என்று சொல்ல முடியாது.

இலையின் பருவம் முக்கியம். செம்பு நிறம் மாறி வெளிர்பச்சையாகி, இன்னும் துவண்டு தொங்கும் இலைதான் சரியானது. முற்றிய இலையில் மெழுகு, பாலிஃபீனால், பாலிசாக்கரைடு எல்லாம் கூடிவிடும். ஆண்டு இலையுதிர்வு முடிந்து துளிர்க்கும் வாரங்களில் போனால் எல்லா மரத்திலும் ஒரே பருவ இலை கிடைக்கும். அந்தச் சமயத்தில்தான் சாம்பல் நோயும் வரும். வெள்ளைப் பொடி படிந்த இலையைத் தவிர்த்துவிடுங்கள். எஸ்.எஸ்.ஆருக்குப் பெரிய கெடுதல் இல்லை என்றாலும், வரிசையறிதல் செய்யும்போது பூஞ்சையின் டி.என்.ஏ.வுக்கும் சேர்த்துச் செலவழிப்பீர்கள். உயரமான மரத்தில் இலை எட்டவே எட்டாது என்றால், அடிமரத்தில் ஒட்டுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் அகலத் துளைப்பானால் பட்டையை எடுத்து, உட்புறத்து ஈரமான கேம்பியம் படலத்தைச் சுரண்டிக்கொள்ளலாம்.

காம்பை ஒடித்ததும் பால் வடியும். காம்பைக் கீழ்நோக்கிப் பிடித்து, வடிந்து நிற்கும்வரை பொறுத்து, மெல்லிய தாளால் துடைத்த பிறகே உறையில் போடுங்கள். உறைந்த பால் அரைக்கும்போது ரப்பர் உருண்டையாகத் திரண்டு இலைத்தூளைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும்.

உலர்த்த, இலை எடையைப் போல் 10 மடங்கு சிலிகா ஜெல் வேண்டும். நடுநரம்பை நீக்கி இலையைக் கிழித்துப் போட்டால் ஒரு நாளில் உலரும். மடக்கினால் படக்கென ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் உடனே மாற்றுங்கள். பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றை உறைக்குள்ளேயே போடுங்கள். வெளியே எழுதும் மை எத்தனால் பட்டால் அழிந்துபோகும். மரத்தின் இருப்பிடம், வரிசை எண், ஒட்டு மரமா விதை மரமா என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வேற்று நாட்டு மாதிரி என்றால் அந்த நாட்டின் உயிரியல் வள அனுமதி வேண்டும். தென், மத்திய அமெரிக்காவிலிருந்து இலையாகவே கொண்டுவருவதை நினைத்தும் பார்க்காதீர்கள். அங்குள்ள இலைக்கருகல் பூஞ்சை ஆசியத் தோட்டங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பிரித்தெடுத்த டி.என்.ஏ.வாக மட்டுமே வாங்க வேண்டும்.

டி.என்.ஏ. பிரித்தெடுத்தல்

சி-டேப் என்ற சலவைப்பொருளால் செல்களை உடைக்கும் வழக்கமான முறைதான். உப்பு மட்டும் சற்றுக் கூடுதல். 100 மில்லிலிட்டர் கரைசலுக்கு: சி-டேப் 2 கிராம், சோடியம் குளோரைடு 11.7 கிராம், பி.வி.பி. 2 கிராம், பி.எச். 8.0 கொண்ட 1 மோலார் டிரிஸ் 10 மில்லிலிட்டர், 0.5 மோலார் இ.டி.டி.ஏ. 4 மில்லிலிட்டர், மீதி தண்ணீர். சூடாக்கினால்தான் சி-டேப் கரையும். வேகமாகக் கலக்கினால் நுரைத்துவிடும். பயன்படுத்தும் நாளில் மட்டும் 1 சதவீதம் மெர்காப்டோ எத்தனால் சேருங்கள், புகைப்போக்கிக்குள் வைத்து.

1. உலர்ந்த இலை 20 மில்லிகிராம் அல்லது பச்சை இலை 100 மில்லிகிராமைத் தூளாக்குங்கள். உலர்ந்த இலைக்கு எஃகு மணி போட்டு உலுக்கும் கருவியே போதும், பச்சை இலைக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். கூடுதல் இலை போட்டால் கூடுதல் டி.என்.ஏ. வராது, கூடுதல் பிசுபிசுப்புதான் வரும்.

2. 65 டிகிரிக்குச் சூடாக்கிய கரைசல் 800 மைக்ரோலிட்டர் சேர்த்து, 45 நிமிடம் அதே வெப்பத்தில் வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

3. சம அளவு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) சேர்த்து 10 நிமிடம் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். 12,000 ஜி விசையில் 10 நிமிடம், அறை வெப்பத்தில் சுழற்றுங்கள். குளிர்மையவிலக்கியை 4 டிகிரியில் விட்டால் சி-டேப்பே வீழ்படிவாகிவிடும். மேலடுக்கில் 500 மைக்ரோலிட்டர் எடுங்கள். இடையிலுள்ள வெள்ளைப் படலத்தைத் தொடாதீர்கள். மேலடுக்கு கலங்கலாகவோ பழுப்பாகவோ இருந்தால் இந்தப் படியை இன்னொரு முறை.

4. 5 மோலார் உப்புக் கரைசல் 250 மைக்ரோலிட்டர், பிறகு குளிர்ந்த எத்தனால் 1 மில்லிலிட்டர். இதற்கு 2 மில்லிலிட்டர் குழாய் தேவை. உப்பு மிகுந்தால் பாலிசாக்கரைடு கரைசலிலேயே தங்கும், டி.என்.ஏ. மட்டும் இறங்கும். 4 டிகிரியில் 20 நிமிடம் போதும். இரவு முழுக்க உறைபெட்டியில் வைத்தால் உப்பும் சேர்ந்து இறங்கிவிடும்.

5. 10 நிமிடம் சுழற்றி, 70 சதவீத எத்தனாலில் இருமுறை கழுவி, 10 நிமிடம் மட்டும் உலர்த்துங்கள். 0.1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. கொண்ட டி.இ. கரைசல் 100 மைக்ரோலிட்டரில் கரையுங்கள். இ.டி.டி.ஏ. கூடினால் பின்னால் பி.சி.ஆரில் மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

6. மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் ஆகுமாறு ஆர்.என்.ஏஸ். சேர்த்து, 37 டிகிரியில் 30 நிமிடம்.

அடியில் இறங்கியது பழுப்பாக இருந்தால் பாலிஃபீனால் ஒட்டியிருக்கிறது: இலை முற்றியது, அல்லது மெர்காப்டோ எத்தனால் பழையது. கூழ்போலத் திரண்டு கரைய மறுத்தால் பாலிசாக்கரைடு. ஒளியளவியில் 260/280 விகிதம் 1.8 முதல் 2.0 வரை இருப்பதைப் பார்த்து மட்டும் நிம்மதி அடையாதீர்கள். ரப்பரில் காட்டிக்கொடுப்பது 260/230 விகிதம். அது 1.5-க்குக் கீழே போனால் பி.சி.ஆர். தடுமாறும். சந்தேகமிருந்தால் டி.என்.ஏ.வை 10 மடங்கு நீர்த்து ஓட்டிப் பாருங்கள். நீர்த்தது பெருகி, நீர்க்காதது பெருகவில்லை என்றால் தடைப்பொருள் இருக்கிறது என்று பொருள். மாதிரியைத் தூக்கி எறிய வேண்டாம், நீர்த்ததை வைத்தே வேலையை முடிக்கலாம். 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் முழுமையான டி.என்.ஏ. கிணற்றுக்குக் கீழே இறுக்கமான ஒரே பட்டையாக நிற்கும். கீழே வரை இழுபட்டிருந்தால் இலை மெதுவாக உலர்ந்திருக்கிறது.

பி.சி.ஆர்.

10 மைக்ரோலிட்டர் வினைக்கு டி.என்.ஏ. 20 நானோகிராம், மக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார், ஒவ்வொரு டி.என்.டி.பி.யும் 0.2 மில்லிமோலார், பிரைமர்கள் தலா 0.2 மைக்ரோமோலார், டாக் நொதி அரை அலகு. 94 டிகிரியில் 4 நிமிடம்; பிறகு 94 டிகிரி 30 விநாடி, 55 டிகிரி 30 விநாடி, 72 டிகிரி 45 விநாடி என 35 சுற்று; கடைசியில் 60 டிகிரியில் 30 நிமிடம். இந்த அரைமணி நேரத்தைச் சுருக்காதீர்கள். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

செலவைக் குறைக்க எம்13 வால் முறை உண்டு. முன்பிரைமரில் 18 எழுத்து வால் சேர்த்து, ஒளிரும் சாயத்தை எம்13 பிரைமரில் மட்டும் வைப்பார்கள். வாலுள்ள பிரைமர் மற்றவற்றில் கால் பங்குதான் இருக்க வேண்டும். இதில் அல்லீல் நீளம் 18 கூடிவரும். பிறர் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டு, புதிய அல்லீல் கண்டதாக எழுதிவிடுகிறார்கள்.

96 குழித் தட்டு ஒவ்வொன்றிலும் ஒப்பீட்டுக் குளோன் இரண்டு, டி.என்.ஏ. இல்லாத வெற்றுக் குழி ஒன்று, மீண்டும் ஓட்டும் மாதிரிகள் ஐந்தாறு இருக்கட்டும். பிழை விகிதத்தைச் சொல்ல இந்த மறுஓட்டங்களே ஆதாரம்.

முகடுகளை வாசிப்பது

3 சதவீத அகரோஸில் ஐந்து, பத்து எழுத்து வேறுபாடுதான் தெரியும். ஈரெழுத்துக் குறிப்பானுக்கு அது உதவாது. வெள்ளிச் சாயமேற்றிய 6 சதவீத பாலி அக்ரிலமைடு ஜெல், அல்லது நுண்குழல் கருவி வேண்டும். நுண்குழலுக்கு ஃபார்மமைடு 9 மைக்ரோலிட்டர், அளவுகோல் 0.3, பி.சி.ஆர். விளைபொருள் 1, 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து உடனே பனிக்கட்டியில் ஆழ்த்துங்கள்.

ஈரெழுத்துக் குறிப்பானில் உண்மையான முகட்டுக்கு இடப்பக்கம் இரண்டிரண்டு எழுத்து குறைந்து, உயரமும் குறைந்துகொண்டே போகும் நிழல் முகடுகள் வரும். நொதி வழுக்குவதால் ஏற்படுவது அது. 186/186 மரத்தில் 186 உயரமாகவும் 184 அதைவிடக் குட்டையாகவும் தெரியும். 184/186 மரத்திலோ 184-இல் அதன் சொந்த முகட்டின் மேல் 186-இன் நிழலும் ஏறிக்கொள்வதால், 184 பெரும்பாலும் 186-க்குச் சமமாகவோ உயரமாகவோ நிற்கும். முதலில் ஐயமற்ற ஹோமோசைகஸ் மரங்களில் நிழலின் உயரம் எத்தனை சதவீதம் என்று பார்த்து வைத்துக்கொண்டால், இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

ஓரெழுத்து இடைவெளியில் முகடு இரண்டாகப் பிளந்திருந்தால், டாக் நொதி நுனியில் சேர்க்கும் கூடுதல் எழுத்து பாதி மூலக்கூறுகளில்தான் சேர்ந்திருக்கிறது. கடைசி அரைமணி நேரம் இதற்குத்தான். ஒரு சாயத்தின் முகடு மிதமிஞ்சி உயர்ந்தால் மற்ற சாயங்களிலும் அதே இடத்தில் போலி முகடு கிளம்பும். விளைபொருளை நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். நீண்ட அல்லீல் மங்கலாக வருவது இயல்பு, கண்ணுக்குத் தப்பினால் ஹெட்டிரோசைகஸ் மரம் ஹோமோசைகஸாகப் பதிவாகிவிடும். மூன்று முகடு வந்தால் எத்தனை மரங்களில் என்று பாருங்கள். ஒரே மரத்தில் என்றால் மாதிரி கலப்பு, பல மரங்களில் என்றால் அந்தக் குறிப்பான் மரபணுத்தொகுதியில் இரண்டு இடங்களைப் பிடிக்கிறது. பின்னதை ஆய்விலிருந்தே நீக்கிவிடுங்கள்.

கருவி 186.3, 188.2, 190.1 என்றுதான் எண் தரும். ஒவ்வொன்றையும் தனித்தனியே முழு எண்ணாக்கினால் அளவு ஏற ஏற பிசகு கூடி, ஓரிடத்தில் ஒரே அல்லீல் இரண்டு பெயராகும். எல்லா மரத்தின் தசம எண்களையும் ஏறுவரிசையில் அடுக்கி வரைபடம் போடுங்கள். படிக்கட்டாகத் தெரியும். படி ஏறும் இடத்தில் வெட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் கொடுங்கள்.

கணக்கு

முதல் வேலை, ஒரே மரபணுவகையாக வரும் மரங்களை ஒன்றாக்குவது. இதைச் செய்யாமல் ஒரு குளோனின் 12 மரங்களைத் தனித்தனியாக விட்டால் அதன் அல்லீல்களின் நிகழ்வெண் வீங்கி, மற்ற எல்லா எண்ணும் கெட்டுவிடும். ஓரிரு அல்லீல் மட்டும் வேறுபடும் மரங்களை ஒன்றாக்கும் முன் முகடுகளை மறுபடி பாருங்கள்.

தற்செயலாக இரு மரங்கள் ஒத்துப்போகும் வாய்ப்பைச் சொல்லும்போது உடன்பிறப்புக்கான மதிப்பையே எடுங்கள். விக்கம் வழிக் குளோன்கள் பலவும் நெருங்கிய சொந்தம்; ஆர்.ஆர்.ஐ.எம். 600-உம் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105-உம் டிஜிர் 1 வழியில் ஒருதாய்ப் பிள்ளைகள். ஒரு குறிப்பானுக்கு இந்த வாய்ப்பு 0.4 என்று வைத்தால் 5 குறிப்பானில் நூற்றில் ஒன்று, 10 குறிப்பானில் பத்தாயிரத்தில் ஒன்று. உறவில்லாத மரங்களுக்கான மதிப்பைப் போட்டால் எண் அழகாக வரும், ஆனால் பொருந்தாது.

எதிர்பார்க்கும் ஹெட்டிரோசைகஸ் நிலை: அல்லீல் நிகழ்வெண்களின் வர்க்கங்களைக் கூட்டி 1-இலிருந்து கழிக்க வேண்டும். 0.5, 0.3, 0.2 என்றால் 0.25 + 0.09 + 0.04 = 0.38, விடை 0.62. 10 மரம்தான் என்றால் 20/19-ஆல் பெருக்க 0.65. அல்லீல் எண்ணிக்கையை ஒப்பிடும்போது மிகச் சிறிய கூட்டத்தின் அளவுக்கு மற்றவற்றையும் சமன்செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதிக மரம் எடுத்த கூட்டமே எப்போதும் ஜெயிக்கும். காட்டுக் கூட்டத்தில் ஒரே ஒரு குறிப்பான் மட்டும் ஹெட்டிரோசைகஸ் குறைவாகக் காட்டினால் பெருகாத அல்லீலைச் சந்தேகியுங்கள். எல்லாக் குறிப்பானும் காட்டினால் உள்ளினச் சேர்க்கையோ இரு கூட்டங்கள் கலந்ததோ காரணம். வளர்ப்பாளர்கள் பொறுக்கியெடுத்த குளோன் தொகுப்புக்கு ஹார்டி–வெய்ன்பெர்க் சோதனை (தற்செயலாக இணைசேரும் கூட்டத்தில் எதிர்பார்க்கும் விகிதங்களோடு ஒப்பிடுவது) போடுவதில் அர்த்தமில்லை. அது இயல்பாக இனப்பெருக்கம் செய்யும் கூட்டமே அல்ல.

எக்செல் தெரிந்தவர்களுக்கு ஜென்அலெக்ஸ் மென்பொருள் போதும். ஆர் மொழி பழகியவர்கள் அடிஜெனெட், பாப்பர் தொகுப்புகளை எடுக்கலாம். முதலில் முதன்மை ஆய ஆய்வு வரைபடத்தைப் பாருங்கள், பிறகு மரங்களைக் குழுக்களாகப் பிரிக்கும் ஸ்டிரக்சர் மென்பொருள். அதில் ஒரு லட்சம் முன்சுற்று, ஐந்து லட்சம் சுற்று, குழு எண்ணிக்கை 1 முதல் 10 வரை, ஒவ்வொன்றுக்கும் 10 ஓட்டம் என்பது நல்ல தொடக்கம். குழு எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கப் பலரும் நம்பும் டெல்டா-கே அளவுகோலால் குழு ஒன்றே ஒன்றுதான் என்று சொல்லவே முடியாது, அடிக்கடி இரண்டு என்றே கைகாட்டும். ஒரே பெற்றோரின் பிள்ளைகள் நிறைய இருந்தால் அந்தக் குடும்பமே தனிக் குழுவாக எழுந்து நிற்கும். அதைப் புவியியல் பிரிவு என்று விளக்க முற்படாமல், ஒரு குடும்பத்துக்கு ஓரிரு மரமாகக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

ஸ்னிப் முறைக்குப் போகிறவர்களுக்கு இரண்டே எச்சரிக்கை. வாசிப்பு ஆழம் குறைந்தால் ஹெட்டிரோசைகஸ் இடங்கள் ஹோமோசைகஸாகத் தெரிந்து, உள்ளினச் சேர்க்கை இருப்பதுபோலக் காட்டும். ஓர் இடத்துக்குக் குறைந்தது 10 வாசிப்பாவது கேளுங்கள். ஏறக்குறைய எல்லா மரமும் ஹெட்டிரோசைகஸாக வரும் இடம் உண்மையில் இரட்டித்த வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது, அதை வடிகட்டுங்கள்.

முடிவுகளை வெளியிடும்போது ஒப்பீட்டுக் குளோன்களின் அல்லீல் நீளங்களைக் குறிப்பான்வாரியாக அட்டவணையில் கொடுங்கள். கருவி, சாயம், வால் உண்டா இல்லையா என்பதோடு. ஒரே அல்லீல் இன்னொரு ஆய்வகத்தின் கருவியில் ஓரிரு எழுத்து தள்ளி வரும். அவர்களும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரத்தை ஓட்டியிருந்தால், அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டு இரு தரவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.